அறுநூறு பேருக்கு ஆயிரத்து இருநூறு சாப்பாடு

ஓசூரில் ஒரு வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் எனக்கு சிஸ்டம் அட்மின் வேலை. ஏசி அறையில் உட்கார்ந்திருந்ததால், அந்தத் தொழிற்சாலையிலேயே பெரிய அறிவாளி நான்தான் என்று நானே முடிவு செய்திருந்தேன். உண்மையில் அந்த ஏசி சர்வருக்காகப் போட்டது. எனக்கு வீசியது மிச்சக் காற்று.

அது லினக்ஸ் சர்வர். யாரும் பக்கத்தில் நிற்காமலே, குறித்த நேரத்தில் வேலைகளை வரிசையாக முடித்துவிடும். கேட்டில் அட்டை தேய்த்து வந்தவர்களை எண்ணி, மதியம் எத்தனை பேருக்குச் சாப்பாடு என்ற தாளைக் காலை ஒன்பதரைக்கு அச்சடிப்பதும் அதில் ஒன்று.

அதற்கு முன் அந்த எண்ணிக்கையை எடுத்தவர் கேன்டீன் கான்ட்ராக்ட் எடுத்திருந்த பாய். கிருஷ்ணகிரிக்காரர், என்னைவிட இரண்டு வயது சின்னவர். சூளகிரி பஸ், கிருஷ்ணகிரி பஸ் என்று ஒவ்வொன்றும் வந்து நிற்கும்போது ஸ்லேட்டும் சாக்பீஸுமாக நின்று தலைகளை எண்ணுவார். என் தாள் போன முதல் வாரம், அந்த ஸ்லேட்டோடு என் அறைக்கு வந்தார்.

"சார், உங்க தாளவிட எனக்கு நாலு பேரு கம்மியா வருது. ஒருதடவ பாத்துடுங்க."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "பாய், கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது. இதுல மனுஷன் கையே படறதில்ல."

அறையில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். அவர் அப்புறம் வரவில்லை.

மனுஷன் கை பட்ட நாளும் வந்தது. கை என்னுடையது. அன்று காலை நண்பன் கொடுத்த பாட்டு சிடிக்களை சர்வரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். மெஷின் திணறியது. ஒன்பதரை தாண்டியும் தாள் வரவில்லை. வேலை நின்றுவிட்டது என்று நினைத்து, அதையே கையால் இன்னொரு முறை ஓட்டிவிட்டேன். அது நிற்கவில்லை, மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு ஓட்டமும் ஒரே கோப்பில் எழுத, அறுநூறு பேர் ஆயிரத்து இருநூறு ஆனார்கள். தாளில் கையெழுத்துப் போட்டு கேன்டீனுக்கு அனுப்பினேன். எண்ணை மட்டும் பார்க்கவில்லை.

மதியம் சாப்பிடப் போனால், கேன்டீனில் பக்கத்து கம்பெனியிலிருந்து இரவல் வாங்கிய அண்டாக்கள். எல்லாவற்றிலும் சாம்பார் சாதம். பர்சனல் மேனேஜர் பாயை நிற்கவைத்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"சாப்பாட்டுக்கு ஏத்த மாதிரிதான உனக்குப் பில்லு? உன் ஆளுங்க யாரோ கார்டுல வேலை காட்டியிருக்காங்க. கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுன்னு சிஸ்டம் சாரே சொல்லியிருக்காரு. நாளையில இருந்து வேற ஆள வச்சிக்கறோம்."

என் பெருமை எவ்வளவு தூரம் போய் யார் தலையில் விழுந்திருக்கிறது என்று பார்த்தேன். சாப்பிடாமலே திரும்பினேன். அறைக்கு வந்து அன்றைய பதிவுகளைத் திறந்தேன். இரண்டாவது ஓட்டத்துக்கு நேரே என் பெயர் சுத்தமாக உட்கார்ந்திருந்தது. அந்த வரியை அழிக்கும் உரிமை தொழிற்சாலையிலேயே எனக்கு ஒருவனுக்குத்தான். விசைப்பலகையில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு மறக்கவில்லை.

பிறகு அந்த வரியை அச்சடித்து எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். பாட்டு சிடி உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அரை மணி நேரம் திட்டினார். எழுதி வாங்கிக்கொண்டார். பாய் தப்பினார். மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்து சூளகிரி பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லோர் கையிலும் சாம்பார் சாதப் பொட்டலம். ஒரு மாசம் எனக்கு 'டபுள் மீல்ஸ்' என்றுதான் பெயர்.

சாயங்காலம் கேன்டீனில் பாய் ஆட்களை வைத்து அண்டா கழுவிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கப் போனவன், என் புத்தி போகுமா, அவரையே குற்றம் சொல்கிற மாதிரி கேட்டேன்.

"ஏன் பாய், ஆயிரத்து இருநூறுன்னு பாத்ததும் உங்களுக்கு டவுட்டே வரலயா?"

"வந்துச்சு சார். காலைல பஸ்ஸ எண்ணும்போதே தெரியும். இன்னும் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்." அடுப்படிச் சுவரில் ஸ்லேட் மாட்டியிருந்தது. அன்றைய தேதி, கீழே அறுநூற்று இரண்டு.

"அப்போ வந்து சொல்லியிருக்கலாமே?"

"ஸ்லேட்ட எடுத்துக்கிட்டு உங்க ரூம் கதவு வரைக்கும் வந்தேன் சார். சிரிப்பீங்கன்னு திரும்பிட்டேன்."

சிரித்திருப்பேன்.