அறுபதுக்கு அறுபது

ஒரே பொருளை அறுபது தடவை நீட்டினால், அறுபது தடவையும் அலுக்காமல் கைநீட்டி வாங்கிக்கொள்வீர்களா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். காபிக்கு உயிரை விடுகிறவருக்கும் நாலாவது கோப்பை குமட்டும். ஆனால் முப்பத்தொரு வயது மனிதர் ஒருவர் அப்படி வாங்கிக்கொண்டார் என்று ஒரு படிவம் சொன்னது. ஆறு வருடமாக அதை யாரும் சந்தேகப்படவில்லை. அதை எழுதியவளும்தான்.

எழுதியவளை எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கான பகல்நேரப் பயிற்சி மையம் அது. இருபத்திரண்டு பேர், இரண்டு டீச்சர்கள். ஒருவருக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு நிமிர்வதற்குள் இன்னொருவர் கழிவறைக் குழாயைத் திறந்துவிட்டிருப்பார். மத்தியானம் மூன்று மணிக்குமேல் அவளுக்குக் கால் கால் மாதிரியே இருக்காது.

அந்த மனிதருக்கு மையத்தில் ‘இன்ஸ்பெக்டர்’ என்று பேர். பேச்சு வராது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அறை அறையாக எட்டிப் பார்ப்பார். பார்த்து முடித்ததும், இந்தத் தடவை மன்னித்து விடுகிறேன் என்பதுபோல ஒருமுறை தலையாட்டுவார்.

பேச்சு வராதவரின் விருப்பத்தை அறிய ஒரு முறை இருக்கிறது. இரண்டு பொருள்களை எதிரே வைத்து, “உனக்கு எது வேணும்?” என்று கேட்க வேண்டும். எதை எடுக்கிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் பொருள்களைப் பக்கம் மாற்றி வைக்க வேண்டும். மாற்றாவிட்டால் அவர் எடுத்தது பொருளையா பக்கத்தையா என்று தெரியாமல் போய்விடும். இது டீச்சருக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஆறு வருடத்துக்கு முன், இன்ஸ்பெக்டர் முன்னால் திருகாணித் தட்டும் பூவாளியும். திருகாணிகளை இருபது இருபதாகப் பையில் போடும் வேலையா, தோட்டத்தில் தண்ணீர் ஊற்றும் வேலையா என்பது கேள்வி. தட்டு நல்ல கனம். அது இருந்த அலமாரி அவருடைய வலப்பக்கம். எடுத்த தட்டை அவள் அலமாரிக்குப் பக்கத்திலேயே, அதாவது அவர் வலது கைப்பக்கமே வைத்தாள். மறுபடியும் அங்கேயே வைத்தாள். படிவத்தில் பக்கம் குறிக்கும் கட்டங்களை மட்டும் காலையிலேயே ‘வலம், இடம், வலம், இடம்’ என்று நிரப்பி வைத்திருந்தாள். நேரம் மிச்சம் ஆகுமே என்றுதான். அவர் தட்டைத் தொட்டபோதெல்லாம் “சபாஷ்!” என்றாள். முடிவு, அறுபதுக்கு அறுபது. அன்றிலிருந்து இன்ஸ்பெக்டர் திருகாணி எண்ணினார். வருடாவருடம் சோதனையும் அதே மாதிரிதான், முடிவும் அதேதான்.

போன மாதம் சுவருக்கு வெள்ளையடிக்க அலமாரியை இடப்பக்கம் நகர்த்தினார்கள். அன்றைக்கு வருடாந்தரச் சோதனை. தட்டு தானாகவே இடப்பக்கம் வந்து உட்கார்ந்தது. இன்ஸ்பெக்டர் பூவாளியை எடுத்தார். இரண்டாம் தடவையும் பூவாளி. டீச்சர் பக்கம் மாற்றினாள். தட்டு. மறுபடி மாற்றினாள். பூவாளி. எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து இன்னும் பத்து தடவை பார்த்தாள். அவர் கை வலப்பக்கத்தை விட்டு அசையவில்லை.

அவள் அவருக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். வலப்பக்கம் கை வை, சபாஷ் கிடைக்கும். அதை அவர் பிசகாமல் கற்றிருந்தார்.

விஷயம் அதோடு நின்றிருந்தால் அவளும் வாயை மூடிக்கொண்டிருப்பாளோ என்னவோ. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவருடைய அக்கா கையெழுத்துப் போட வருவதாக இருந்தது. ஊருக்கு வெளியே திருகாணி பொட்டலம் கட்டும் ஒரு கூடத்தில் அவரைச் சேர்க்கும் விண்ணப்பம் அது. தங்கும் இடமும் அங்கேயே. போனால் ஆயுளுக்கும் திருகாணிதான். ‘அவரே தேர்ந்தெடுத்த வேலை’ என்று விண்ணப்பத்தில் அச்சடித்திருந்தது.

“ஆறு வருஷ ரிப்போர்ட்டை ஒரே நாள்ல குப்பைன்னா எப்படி டீச்சர்?” என்றார் மேனேஜர். “அங்க ஒரு இடம் கிடைக்கிறதே குதிரைக் கொம்பு.”

“குப்பை போட்டது நான்தான் சார். அதான் நானே அள்ள வந்திருக்கேன்.”

“உங்க வேலைக்கே உலை வெச்சுக்காதீங்க.”

அக்கா இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். கைப்பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. டீச்சர் முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

“அப்ப அவனுக்கு இந்த வேலை பிடிக்கலையா?”

“தெரியாதுங்க. பிடிச்சிருந்தாலும் இருக்கும். நாங்க ஒழுங்கா கேக்கவே இல்லைங்கறது மட்டும்தான் தெரியும்.”

“இதைச் சொல்லவா லீவு போட்டு வரச் சொன்னீங்க? எங்க உக்கார வெச்சாலும் என் தம்பி உக்காருவான். எனக்கும் வயசாகுதும்மா. பேனாவைக் குடுங்க.”

அவளைக் குறை சொல்ல டீச்சருக்கு வாய் வரவில்லை. பேனாவுக்குப் பதிலாக ஒரு பிஸ்கட்டை நீட்டினாள். “இதை உங்க இடது உள்ளங்கையில வெச்சு, அவரோட இடப்பக்கம் நீட்டுங்க. இன்னொரு கையை அவரோட வலப்பக்கம் சும்மா நீட்டுங்க. ஒரே ஒரு தடவை.”

இன்ஸ்பெக்டர் எதிரே உட்கார்ந்திருந்ததால், அக்கா கைகளைக் குறுக்கே போட வேண்டியிருந்தது. “இது என்ன கூத்து,” என்று முணுமுணுத்தபடியே நீட்டினாள். “இந்தாடா, எது வேணும்?”

பிஸ்கட் என்றால் இன்ஸ்பெக்டருக்குக் கொள்ளை ஆசை. பார்வை அதன்மேலேயே இருந்தது. கை மட்டும் வெறும் உள்ளங்கைக்குப் போனது. அதில் இல்லாத எதையோ விரல்களால் அள்ளினார். பிறகு நிமிர்ந்து, அக்கா முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். சபாஷுக்காக.

யாரும் சபாஷ் சொல்லவில்லை. அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். “டேய், பிஸ்கட் இங்கடா இருக்கு,” என்றாள். பேனாவை அவள் மறுபடி கேட்கவில்லை.

ஒழுங்காகக் கேட்டுப் பார்க்க மேனேஜர் ஆறு வாரம் அவகாசம் கொடுத்தார். கூடவே டீச்சரிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் கொடுத்தார். பதில் இரண்டு பக்கம். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தாள்.

கற்றுக்கொடுத்ததை அழிப்பது, கற்றுக்கொடுப்பதைவிட இடுப்பை ஒடிக்கிற வேலை. வலம், இடம் என்றே இல்லாமல் பொருள்களை மேலும் கீழுமாக வைத்தாள். முகத்தை மரம் மாதிரி வைத்துக்கொண்டாள். பாராட்டு கிடையாது, எதை எடுத்தாரோ அந்த வேலை உடனே கிடைக்கும், அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் தடுமாறினார், அழுதார், ஒருநாள் அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பி வாயைத் திறக்கப் பார்த்தார். அவளும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தாள். இத்தனை நாள் செய்தது தப்பு என்பதைத் தினமும் உட்கார்ந்து பார்க்க யாருக்குத்தான் தெம்பு இருக்கிறது?

பதினேழாம் நாள், அவர் தட்டையும் பூவாளியையும் சேர்த்துத் தள்ளிவிட்டு எழுந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுத்த அறையைப் பார்வையிடப் போனார்.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. டீச்சர் ஓரத்தில் கோடு போட்டு, ‘இரண்டும் வேண்டாம்’ என்று ஒரு கட்டம் வரைந்து, அதில் ‘ஒன்று’ என்று எழுதினாள். அக்காவுக்குப் போன் போட்டாள். “அப்ப அந்த இடத்துக்கு வேற யாரையாவது அனுப்பச் சொல்லிடுங்க,” என்றாள் அக்கா. “அவனுக்கு என்ன வேணுமோ, மெதுவாச் சொல்லட்டும்.”

உங்கள் வீட்டிலோ தெருவிலோ பேச்சு வராத ஒருவருக்காக யாராவது கையெழுத்துக் கேட்டு வருவார்கள். ‘அவரே விரும்பினார்’ என்று தாளில் இருக்கும். கையெழுத்துப் போடாதீர்கள். எப்படிக் கேட்டீர்கள், பக்கம் மாற்றினீர்களா, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழி வைத்தீர்களா என்று கேளுங்கள். என் கண்முன்னால் இன்னொரு தடவை கேட்டுக் காட்டுங்கள் என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.