சிவப்புப் புள்ளி நிற்காத படம்

பள்ளிப் படிப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு, இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கம் எங்கள் தோட்டத்தின் மூடிக்கிடந்த தேயிலை பெக்டரியைப் படக் காட்சிக்கூடமாக மாற்றினார்கள். கூட்டித் துடைக்கும் வேலை எனக்கு. மேல் மாடியில் ஒரு பழைய புகைப்படம் இருந்தது. கூடை சுமந்த பெண்கள் வரிசையாக நிற்பார்கள். அதில் ஒருத்தி என் அம்மா. அவர்களில் பலர் ஒரே மண்சரிவில், குடியிருந்த லயத்து வீடுகளோடு புதைந்து போனவர்கள். அம்மாவுக்கு வேறு படம் கிடையாது.

ஒருமுறை கொழும்பிலிருந்து ஒரு கருவி வந்தது. தலையில் பட்டை மாதிரி மாட்டிக்கொண்டு நடந்தால், நம் கண் எந்தப் படத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கணினியில் சிவப்புப் புள்ளி காட்டும். அதிகம் பார்க்கப்படும் படத்துக்கு நல்ல விளக்கு போடுவார்கள். யாரும் பார்க்காதது கீழே ஸ்டோருக்குப் போகும். வெளியூர்க்காரர்கள் மாட்டி நடந்தபோது புள்ளி எங்கள் படத்தைத் தாண்டி நீர்வீழ்ச்சிப் படத்துக்கே ஓடியது. தோட்டத்து ஆட்களையும் கூப்பிடலாம் என்றார், கருவியோடு வந்த யாழ்ப்பாணத்து மிஸ். கூடத்தில் வேலை செய்கிறவர்களைச் சேர்க்க மாட்டார்களாம்.

அன்றே லயத்துக்குப் போனேன்.

“அந்தப் படத்த நல்லா பாருங்க” என்றேன்.

“அத சொல்லணுமாண்ணே?” என்றாள் லயத்தில் பக்கத்துக் காம்பிரா வீட்டுக்காரி. அவள் அம்மாவும் படத்தில் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வந்தார்கள். பட்டையை மாட்டியதும் ஒவ்வொருவரும் நேரே அந்தப் படத்துக்குத்தான் போனார்கள். போய்க் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். கணினியில் புள்ளி மறைந்துபோனது.

“கண்ணத் தொற தங்கச்சி!”

“சும்மா இருங்கண்ணே. செத்தவங்க முன்னால முழிச்சிக்கிட்டா நிக்கிறது?”

“மெஷினுக்கு வேணும்னா ஒங்கண்ணன் முழிக்கட்டும்” என்றார் பின்னால் நின்ற கிழவர். சிரித்தார்கள்.

அவர்கள் போன பிறகு மிஸ்ஸிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “பாக்காம இல்லைங்க மிஸ். கும்பிட்டாங்க.”

“எனக்கு விளங்குது ஐயா. ஆனா ஒண்டும் பதியேல்லையே. கூடத்துக்குப் பொறுப்பான பெரியவர் பதிஞ்சதைத்தான் பாப்பார்.”

அந்தப் படத்துக்குப் பிரதி ஒன்று கேட்க நினைத்தேன். கேட்காமலே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் காலை படத்தை இறக்கி ஸ்டோருக்குக் கொண்டுபோனார்கள். ஆணி பிடுங்கியதில் உதிர்ந்த சுண்ணாம்பை நான் கூட்டி அள்ளினேன்.