பூட்டுக் கட்டிய நூல்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு புது வீடு. மண்டபத்தைப் படம் பிடிக்க, கொட்டாஞ்சேனையில் நான் வேலை செய்த ஸ்டூடியோவுக்கு ஆள் அனுப்பினார் வீட்டுக்காரர். அரசாங்கக் கந்தோரில் பெரிய கிளாக்கர். வெள்ளைக்காரன் காலம். அப்படிப்பட்டவர் கூப்பிட்டால் உடனே போக வேணும்.

மண்டபத்தில் இரண்டு உயரமான தூண். அடியும் நுனியும் படத்தில் வர வேணும் என்றார். கமராவை மட்டமாக வைத்து, லென்ஸ் பதித்த முன்பலகையை மட்டும் மேலே தள்ளுவதுதான் முறை. கடற்காத்துக்குப் பலகை இறுகிப் போயிருந்தது. நான் மினக்கெடவில்லை. கமராவின் மூஞ்சியையே மேலே தூக்கி எடுத்துவிட்டேன்.

படத்தில் தூண் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்து நின்றன.

திரும்ப வரச் சொன்னார். கமராவோடு போனேன். வீடு கட்டிய மேசனும் நின்றார், கொலன்னாவை ஆள்.

"தூண் சரிவெண்டு எனக்கு அப்பவே சந்தேகம். மேல்மாடி கட்ட வேற ஆளைப் பிடிக்கிறன்," என்றார் வீட்டுக்காரர்.

மேசன் படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "தூக்குக்குண்டு விட்டு நிறுத்துன தூணுங்க ஐயா. இந்த ஆளுதான் ஏதோ பண்ணிட்டாரு."

"குண்டும் உன்ரைதானே?"

"அப்ப உங்க நூலையே கட்டுங்க."

வீட்டுக்காரர் என்னிடம் திரும்பினார். "கமரா பொய் சொல்லுமோ?"

வேலை போய்விடும் என்ற பயம். கமராப் பெட்டியைத் திறக்கக் குனிந்தேன்.

வீட்டுக்கார ஐயா தன் நூலில் தன் அலுமாரிப் பூட்டைக் கட்டினார். மேசனை ஏற விடாமல் தானே ஏணியில் ஏறி, தூணோடு தொங்கவிட்டார். பூட்டு ஆடி நின்றது. நூலும் தூணும் ஒட்டினபடி.

"கமராவை முந்தி வைச்ச மாதிரியே வை."

வைத்தேன். ஐயா கமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

"எல்லாம் தலைகீழா நிக்குது."

"கமராக் கண்ணாடியில அப்படித்தான் ஐயா."

துணிக்குள்ளேயே தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு, "என்ரை நூலுமெல்லே சரியுது!"

இனி மறைக்க ஏலாது. "பிழை என்ரை ஐயா. கமராவைத் தூக்கிப் பிடிச்சிட்டன்."

மெழுகுதிரியை இறுகிய பலகையில் தேய்த்தேன். லென்ஸ் மேலே போனது. கமராவை மட்டமாக்கினேன். ஐயா திரும்பவும் பார்த்தார். தூணும் நூலும் நேர்.

"இப்ப ஏதும் செய்து நிமித்தினியோ?"

"ஓம் ஐயா. கமராவை."

மேல்மாடி வேலை மேசனுக்கே கிடைத்தது. முடிந்ததும் படம் பிடிக்கப் போனேன். ஒவ்வொரு தூணிலும் நூலில் ஒரு பூட்டுத் தொங்கியது. மேசன் கமராவிடம் வந்தார். கமராவின் முதுகில் தன் ரசமட்டத்தை வைத்தார். குமிழ் நடுவுக்கு வரும்வரை பார்த்து நின்றார். பிறகுதான் விலகினார்.