வெள்ளிக்கிழமை அகப்பை

ஒரு சிறு பிள்ளையை ஏற்றுக்கொள்கிறவர் ஆண்டவரையே ஏற்றுக்கொள்கிறார் என்று சுவாமியார் பிரசங்கம் வைத்தபோது நான் மாதா கோவிலில் கடைசி வாங்குப் பலகையில் இருந்தேன். எனக்கு எப்போதும் கடைசி வாங்குதான். ஆட்கள் திரும்பிப் பார்க்கிற இடத்தில் இருக்கக் கூச்சம்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அன்று கடல்தொழில் செய்கிற என் மனுசனுக்குச் சோறு போடும்போது, ஆதரவில்லாத ஒரு பிள்ளையை எடுத்து வளர்ப்போமா என்று கேட்டேன். அவர் கவளத்தை உருட்டிக்கொண்டே, “ஆண்டவர் வந்தால் எங்கை படுக்க விடப்போறாய்? வலை கிடக்கிற அறையிலையோ?” என்றார். ஆனால் விடிந்ததும் அவரே வலைகளைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்.

சிறுவர் நன்னடத்தை உத்தியோகத்தர் மிஸ் பல தரம் வந்து, பார்த்து, கேட்டு, கடைசியில் ஒரு பெண்பிள்ளையைக் கூட்டிவந்து விட்டார். இணுவில் பக்கத்துப் பிள்ளை. தாய் செத்துப்போனாள், தகப்பன் விட்டுவிட்டுப் போய்விட்டான். பத்து வயது. நெற்றியில் திருநீறு. “பிள்ளை சைவம். அவவின்ரை சமயத்தை நீங்கள் மாத்தக் கூடாது, அம்மா” என்று மிஸ் சொன்னார். நான் தலையாட்டினேன். அதிலென்ன கஷ்டம் என்று நினைத்தேன். என்ன கஷ்டம் என்று இப்போது கேளுங்கள்.

முதல் வெள்ளிக்கிழமை அவள் குசினி வாசலில் நின்று, “ஆச்சி, இண்டைக்கு மச்சம் இல்லைத்தானே?” என்று கேட்டாள்.

“ஓம் பிள்ளை, நாங்களும் வெள்ளிக்கிழமையிலை இறைச்சி தொடமாட்டம்” என்று சொல்லி, பாரைமீன் குழம்பை ஊற்றினேன்.

கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு மீனை மச்சமென்று நினைக்கவே வராது. தவசு காலத்தில் இறைச்சி விலக்குகிற சுத்தபோசன நாளிலும் எங்கள் வீட்டில் மீன்தான். அவள் சோற்றுக் கோப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழும்பிப் போய்விட்டாள். வெறும் பாண் துண்டைத் தின்றுவிட்டுப் படுத்தாள்.

சரி, தெரியாமல் செய்துவிட்டேன் என்று அடுத்த வெள்ளி கத்தரிக்காயும் பருப்பும் ஆக்கினேன். மணந்து பார்த்தாள். “மீன் சட்டியிலையோ காய்ச்சினனீங்கள்?” தேய்த்துக் கழுவிய சட்டி! ஆனாலும் தொடவில்லை. வெயிலில் பஸ் ஏறித் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்ப் புதுச் சட்டி வாங்கிவந்தேன். பஸ்ஸில் ஆள் நெரிசலில் சட்டியைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். புதுச் சட்டியில் சொதி வைத்த அன்று, என் கையைப் பார்த்தபடியே, “ஆச்சி, உது மச்ச அகப்பை” என்றாள்.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. ஆண்டவர் கரையில் நெருப்பு மூட்டி மீன் சுட்டுக் கொடுத்தவர். அவர் பெயரைச் சொல்லி நான் எடுத்த பிள்ளையோ என் அகப்பையைப் பிடித்துச் சோதனை செய்கிறது. இதைச் சுவாமியார் பிரசங்கத்தில் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி எங்கள் செபமாலைக் கூட்டத்துக்குத் தலைவி. அவளுடைய வாய்க்கு முன்னால் எனக்கு வாயே வராது. எங்கள் வீட்டில் மாதா சுரூபம் வைத்த தட்டைப் பார்த்துவிட்டு ஒருநாள் பிடித்துக்கொண்டாள். “என்னக்கா, மாதாவுக்குப் பக்கத்திலை திருநீற்று டப்பா? ஞானஸ்நானத்தைக் குடுத்துவிடுங்கோ. சட்டிப் பிரச்சினை, அகப்பைப் பிரச்சினை எல்லாம் ஒரே நாளிலை முடிஞ்சிடும்.”

அவர்தான் முற்றத்திலிருந்து குரல் கொடுத்தார். “மாதா பேசாமல்தானே நிக்கிறா. நீ ஏன் பிள்ளை கத்துறாய்?”

இந்த நேரத்தில்தான் சிறுக்கி பள்ளிக்கூடத்தில் ரீச்சரிடம், வெள்ளிக்கிழமைகளில் தனக்கு வீட்டில் சாப்பாடு இல்லை என்று சொல்லிவிட்டாள். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. ரீச்சர் மிஸ்ஸிடம் சொல்ல, மிஸ் போன் எடுத்தார். “வாற வெள்ளி மத்தியானம் வாறன், அம்மா. உங்களாலை ஏலாட்டிச் சொல்லுங்கோ. பிள்ளையைச் சிறுவர் இல்லத்திலை சேர்ப்பம்.”

ஏலும் என்று சொல்ல நினைத்தேன். “ஓம் மிஸ்” என்றுதான் வந்தது. அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ என்று வெள்ளி வரும்வரை யோசித்துக்கொண்டே இருந்தேன். இவளோடு மாரடிக்க முடியவில்லை என்று ஒவ்வொரு நாளும் புறுபுறுத்தவள் நான்தான். ஆனால் அந்த அறைக்குள் திரும்பவும் வலையைப் போடுவதை நினைக்க என்னால் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை புதுச் சட்டி, புது அகப்பை, தேங்காய் துருவப் புதுத் திருவலை. மீன் மணம் வரும் என்று அவரை முற்றத்து வேம்பின் கீழ் இருத்திவிட்டேன். பூசணிக்காய்க் கறியும் கீரையும் ஆக்கினேன். பள்ளிக்கூடத்தால் வந்தவள் சட்டியை எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மிஸ்ஸும் வந்து இருந்தார்.

அப்போது பக்கத்து வீட்டுக்காரி ஒரு கோப்பையோடு வந்தாள். நல்ல மனதோடுதான் வந்தாள், பாவம். “மிஸ்ஸுக்கெண்டு கொஞ்சம் றால் பொரியல்” என்று சொல்லிக்கொண்டு நேரே குசினிக்கு நடந்தாள்.

சிறுமி ஓடிப்போய் வாசலை இரண்டு கையாலும் மறித்தாள். “அன்ரி, உள்ளுக்கை வராதேங்கோ. இண்டைக்கு எங்கடை வீட்டிலை மச்சம் இல்லை.”

“ஆற்றை வீட்டிலை ஆரடி மறிக்கிறது?” என்று அவள் கேட்டாள். கேட்டாளே தவிர, திரும்பிப் போய்விட்டாள். வேம்பின் கீழிருந்து, “இஞ்சை தா பிள்ளை, நான் வெளியிலை இருக்கிறவன்தானே” என்று அவருடைய குரல் கேட்டது.

நான் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன். மிஸ் பிள்ளையிடம் மெல்லக் கேட்டது காதில் விழுந்தது. “உமக்கு இஞ்சை இருக்க விருப்பமோ? பயப்பிடாமல் சொல்லும்.”

“ஆச்சிக்கு ஒண்டும் தெரியாது, மிஸ்.”

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“நான் போனால் எல்லாத்தையும் திரும்பக் கலந்துபோடுவா. இன்னும் கனக்கச் சொல்லிக் குடுக்க இருக்கு.”

மிஸ் சிரித்தார். அவரும் வெள்ளிக்கிழமை சைவமாம். இரண்டு தரம் கீரை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது என் கையைப் பிடித்து, “பிள்ளை இஞ்சையே இருக்கட்டும், அம்மா” என்றார். அழுகை வரும் என்று பார்த்தேன். கோபம்தான் வந்தது. வெயிலில் அலைந்து சட்டி சுமந்தவள் நான். ஒன்றும் தெரியாதவளும் நான்.

அவள் அதையெல்லாம் கவனிக்கவில்லை. அகப்பையைக் கழுவினாள். குசினியில் எங்கே வைத்தாலும் மீன் படும் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கொண்டுபோய் மாதா சுரூபத்துக்குப் பக்கத்து ஆணியில் கொழுவினாள்.

அவர் றால் தின்ற வாயைத் துடைத்தபடி உள்ளே வந்து அதைப் பார்த்தார். “உதுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தட்டோ?” என்று பிள்ளையைக் கேட்டார்.

“கொளுத்துங்கோ, அப்பு. முதல் போய்க் கையைக் கழுவிப்போட்டு வாங்கோ.”