அருவிச் சத்தத்தில் ஒரு ‘விட்டுருங்க’

போன வருசம் எங்கள் சின்ன வெங்காயம் மொத்தமும் அடியழுகலில் போனது. பிடித்து இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும். அடியில் வெள்ளைப் பூஞ்சை, குப்பென்று நாற்றம். இந்தத் தடவையும் அழுகினால் இனி வெங்காயமே போடுவதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். ஆனாலும் ஒரு பாத்தியை என்னிடம் விட்டார். பி.எஸ்சி. அக்ரி படித்தவன், செய்து காட்டட்டும் என்று.

என்னிடம் ஐடியா இருந்தது. மக்கிய இலைக்கு அடியில் எள்ளை விடச் சின்னதாக, தொட்டால் துள்ளுகிற வெள்ளைப் பூச்சிகள் இருக்கும். அவை பூஞ்சையைத்தான் மேயும். காலேஜ் லேபில் மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேன். செங்கோட்டைப் பக்கம் ஒரு தோப்பிலிருந்து இலைமக்கோடு இரண்டு சாக்கு அள்ளி வந்து பாத்தியில் பரப்பினேன். அப்பா என்னவென்று கேட்டார். எரு என்றேன். பூச்சி என்றால் சிரிப்பார், கதை வீரகேரளம்புதூர் டீக்கடை வரை போகும். தவிர, சொன்னாலும் அவருக்குப் புரியாது என்று ஒரு திமிர்.

மூன்றாவது வாரம் குற்றாலத்தில் சாரல் தொடங்கியது. பசங்களோடு மெயினருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது அப்பாவிடமிருந்து போன். அந்த இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்தது. பாத்தி முழுக்க வெள்ளைப் பூச்சி துள்ளுகிறது என்றார். பெருகிவிட்டது என்று எனக்கு ஒரே குஷி. மருந்து என்று மேலும் ஏதோ கேட்டார்.

“விட்டுருங்கப்பா, விட்டுருங்க” என்று கத்தினேன்.

எங்கள் ஊரில் வயலுக்குத் தண்ணீர் விடுவோம். வேருக்கு மருந்தும் விடுவோம்.

சாயங்காலம் வரப்பில் ஏறும்போதே மருந்து வாடை மூக்கில் ஏறியது. அப்பா வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு தூர் பாக்கியில்லாமல் குனிந்து ஊற்றியதில் இடுப்பு விட்டுப்போச்சு என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் மக்கைப் புரட்டிப் பார்த்தேன். எதுவும் துள்ளவில்லை.

“யாருப்பா ஊத்தச் சொன்னா?”

“நீதானலே விட்டுருன்ன.”

வாளியை வாங்கி மீதியை நான் கழுவினேன்.

பத்து நாளில் ஓரத்துச் செடிகளின் நுனி மஞ்சளானது. ஒன்றை இழுத்தேன். தாள் மட்டும் கையோடு வந்தது. பின்னால் நின்ற அப்பா மெதுவாகக் கேட்டார்.

“மருந்து பத்தலையோலே?”

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மருந்து பூஞ்சையை ஒன்றும் செய்யாது, அதைத் தின்ன வந்தவற்றைத்தான் கொன்றது என்பது வரைக்கும். லேபில் சொல்வது போலச் சொல்லவில்லை, அதனாலோ என்னவோ அவருக்கு உடனே புரிந்தது. வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கைகளை வேட்டியில் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

“எருன்னுல்லாலே சொன்ன” என்றார்.

திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவர் எழுந்து, அடுத்து உளுந்து போட்டுக்கலாம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தார். அழுகின தாள் இன்னும் என் கையில் இருந்தது.