நண்டு குடியிருந்த கிண்ணம்

மீன் வாசம் என்று ஒன்று இருப்பதே எனக்கு ஒன்பது வயதுவரை தெரியாது. எங்கள் மீனவர் ஊரான வைத்திக்குப்பத்தில் பிறந்த யாருக்கும் தெரியாது. படகு கரை ஏறியதும் அம்மா மீன் எடுத்துக் கூடையில் நிரப்பிக்கொண்டு விற்கப் போவாள். வீட்டுச் சுவரிலும் பாயிலும் என் பள்ளிக்கூடப் பையிலும் அந்த வாசம் இருந்திருக்கும். பழகிப்போனதை மூக்கு எங்கே சொல்லப்போகிறது? எங்கள்மேல் அப்படி ஒரு வாசம் இருப்பதாக எனக்குத் தெரிவித்தவர் சித்தியின் முதலாளி.

சித்தி என் அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். மீன் கூடையைத் தொட மாட்டேன் என்று அடம்பிடித்து, ஊருக்கு வெளியே ஒரு மண்பாண்டப் பட்டறையில் மண் பிசையும் வேலைக்குப் போனாள். குழம்புச் சட்டி, பானை, துளசிச் செடிக்குத் தொட்டி எல்லாம் அங்கே செய்வார்கள். மூன்று சக்கரங்கள் உண்டு, மூன்றிலும் ஆண்கள். பெண்கள் மண்ணை மிதிக்கலாம், பிசையலாம், காய்ந்த சட்டியைக் கூழாங்கல்லால் தேய்த்து வழவழப்பாக்கலாம். சக்கரத்தில் பெண்கள் உட்காரக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. யாரும் உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான். ஆறு வருஷமாகச் சித்தி அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே மண் பிசைந்தாள்.

முதலாளி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். முட்டைகூடச் சேர்க்காத சைவம். கேலி பேசாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. "இந்தச் சட்டியில சாம்பார் வெச்சாலும் மீன் கொழம்பு வாசந்தான் வரும், எங்க மீன்காரி பெசஞ்ச மண்ணாச்சே" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள். சித்தியும் சிரிப்பாள். வேலைக்குக் கிளம்பும் முன் எலுமிச்சைத் தோலால் இரண்டு கையையும் முழங்கைவரை தேய்ப்பாள். எதற்கென்று நான் கேட்டதில்லை.

அந்தப் பட்டறைக்குத்தான் ஒரு ஜப்பான்காரப் பெண்மணி வந்தார், நாங்கள் ஜப்பான் அம்மா என்போம். கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவருடைய வீட்டு மாடியில் குடியிருந்தார். அந்தப் பெரியவரைத் தெருவே முசியே என்றுதான் கூப்பிடும். ஜப்பான் அம்மா வந்த நேரம் சாப்பாட்டு நேரம். சித்தி சக்கரம் இல்லாமல், ஒரு மண் உருண்டையை வெறும் விரலால் அழுத்தி அழுத்திக் குழித்துக்கொண்டிருந்தாள். ஜப்பான் அம்மா அதைக் கையில் வாங்கினார், ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் ஊர் முறைப்படி ஒரு தேநீர் விருந்து வைக்கப்போவதாகவும், அதற்கு இந்த ஊர் மண்ணில் இதேபோல நாலு கிண்ணம் வேண்டும் என்றும் சொன்னார்.

அந்தச் சமயம் சக்கரக்காரர் ஒருவர் சென்னைக்குப் போய்விட்டதால் ஒரு சக்கரம் சும்மா கிடந்தது. முதலாளி நல்ல மனநிலையில் இருந்திருக்க வேண்டும். கிண்ணம் விருந்தில் பெயர் வாங்கினால் திங்கட்கிழமையிலிருந்து நீ சக்கரத்தில் உட்கார் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அன்றைக்குச் சித்திக்குச் சோறு இறங்கவில்லை.

புதுச் சட்டியை அப்படியே அடுப்பில் ஏற்ற முடியாது, பழக்க வேண்டும். மூன்று நாள் வடித்த கஞ்சியில் ஊறப்போட்டால் மண்ணில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் அடைபடும், கசியாது. கிண்ணத்துக்கும் அதேதான். சித்தி நாலு கிண்ணத்தையும் ஒரு குண்டான் கஞ்சியில் முக்கி வைத்து, காலையும் மாலையும் கஞ்சி மாற்றும் பொறுப்பை என்னிடம் விட்டாள். இதைக் கேட்ட ஜப்பான் அம்மாவுக்கு ஒரே சந்தோஷமாம், அவர்கள் ஊரிலும் இப்படித்தான் செய்வார்களாம். கிண்ணத்தைப் பழக்குகிற பெண்ணும் விருந்துக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பொறுப்பான பெண் செய்த காரியம் இது. கஞ்சியில் போட்ட முதல் நாள் சாயங்காலம் கரையில் ஒரு சின்ன நண்டு பிடித்தேன். அதை வைக்க ஒரு பாத்திரம் வேண்டியிருந்தது. கஞ்சி வெள்ளையாக இருந்ததால் உள்ளே நாலு கிடக்கிறதா மூன்று கிடக்கிறதா என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு கிண்ணத்தை எடுத்துக் கடல் தண்ணீர் ஊற்றி, நண்டை விட்டு, அதற்குச் சாப்பிட நாலைந்து இறால் தலையும் போட்டு, தண்ணீர் அண்டாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். இரண்டாம் நாள் பார்த்தபோது நண்டைக் காணோம். இறால் தலைகள் கருத்துப்போய் மிதந்தன. கிண்ணத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன், புளி போட்டுத் தேய்த்தேன், மோந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. நிம்மதியாகக் கஞ்சிக்குள் போட்டுவிட்டேன். சித்தியும் கிண்ணங்களை எடுத்துக் கழுவிக் காயவைத்தபோது எதையும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. அவள் மூக்கும் என் மூக்கும் ஒரே வீட்டு மூக்கு.

விருந்துக்கு முந்தின நாள் முழுக்க எனக்கு ஒத்திகை நடந்தது. எங்கள் வீட்டில் எதையும் அண்ணாந்துதான் குடிப்போம், டம்ளரில் உதடு பட்டால் அம்மா முறைப்பாள். அங்கே உதடு வைத்துத்தான் குடிக்க வேண்டும், அதற்கு முன் கிண்ணத்தை இரண்டு முறை திருப்ப வேண்டும் என்று சித்தி சொல்லித் தந்தாள். எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. "கிண்ணந்தான் பேசணும், நாம பேசக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிட்டாரு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மாடி ஏறினோம். அறையில் கோரைப் பாயைத் தவிர ஒன்றுமில்லை. ஒரு மூலையில் கரி அடுப்பு, அதன்மேல் இரும்புக் கெண்டி, ஒரு சாடியில் ஒற்றைச் செம்பருத்தி. கடல் பக்கம் ஒரு ஜன்னல். முசியே முதலில், அடுத்து முதலாளி, பிறகு சித்தி, கடைசியில் நான், வரிசையாக முட்டி போட்டு உட்கார்ந்தோம். அவ்வளவு சுத்தமான, அவ்வளவு வெறுமையான அறைக்குள் நான் அதற்கு முன் போனதில்லை. அங்கே தண்ணீர் கொதிப்பதற்குக்கூட ஒரு வாசம் இருந்தது. செம்பருத்திக்கு வாசமே கிடையாது என்பார்கள், அன்றைக்கு அதுவும் எனக்கு வந்தது. எள்ளுருண்டை கொடுத்தார்கள். நான் அதை மெல்லும் சத்தம் எனக்கே கேட்டது.

ஜப்பான் அம்மா முதல் கிண்ணத்தை முன்னால் வைத்து வெந்நீர் ஊற்றி அலசித் துடைத்தார். பச்சைப் பொடி போட்டு, வெந்நீர் விட்டு, மூங்கில் துடைப்பம்போல ஒன்றால் நுரைக்கக் கலக்கினார். முசியே திருப்பினார், குடித்தார், தலை குனிந்து மெர்சி என்று நன்றி சொன்னார். இரண்டாவது கிண்ணம் வந்தது. அதன் இடுப்பில் சித்தியின் கட்டைவிரல் பதிந்த ஒரு குழி இருந்தது. நண்டு பிடித்துத் தொங்கிய குழி. அதை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

வெந்நீர் அதற்குள் விழுந்ததும், என் வாழ்க்கையில் முதல் முறையாக, மீன் வாசம் எனக்கு வந்தது.

அழுகின இறால் வாசம். ஜப்பான் அம்மாவின் கை கண் இமைக்கிற நேரம் நின்றது, பிறகு துணியால் துடைத்தது, பொடியை அள்ளியது, கலக்கியது. எழுந்து ஓடிவிடலாம் என்றால் கால் மரத்துப்போயிருந்தது. கிண்ணம் முதலாளியின் முன்னால் வந்து நின்றது. அவர் பொறுப்பாக இரண்டு முறை திருப்பி முகத்தருகே கொண்டுபோனார், நிறுத்தினார், மூக்கை உறிஞ்சினார். சுற்றிலும் பார்த்தார். கடைசியில் ஜன்னலைப் பார்த்தார். முசியே மெதுவாக, வைத்திக்குப்பத்துக் காற்று, இந்த நேரத்துக்கு இப்படித்தான் அடிக்கும் என்று சமாதானம் சொன்னார். ஜப்பான் அம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

இப்போது அறையில் காற்று இல்லை. வாசம் மட்டும் இருந்தது. முதலாளி மறுபடி கிண்ணத்தைத் தூக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டு எங்கள் கடலோரத்து அம்மனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

அப்போதுதான் சித்தி வாயைத் திறந்தாள்.

"அய்யா, அந்தக் கிண்ணம் எனக்கு வேணும். நான் மொதமொத செஞ்சது அது. அதுல நான்தான் குடிக்கணும்."

முதலாளி இது கேலியா என்பதுபோல அவளைப் பார்த்தார். அப்புறம் பார்க்கலாம், இப்போது பேசாமல் இரு என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். சித்தி பேசாமல் இருக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டினாள். "குடுங்க அய்யா" என்றாள். அவர் கொடுத்தார். கொடுத்தார் என்பதைவிட, அவர் கையிலிருந்து அது போய்விட்டது என்று சொல்லலாம். முசியே தரையைப் பார்த்தார். அவமானத்தில் எனக்குக் காது இரண்டும் சுட்டது.

சித்தி இரண்டு முறை திருப்பினாள். உதடு வைத்து, அவசரமே இல்லாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அவள் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. காலிக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள். ஜப்பான் அம்மா அவளுக்கு நேராக, நெற்றி பாயில் படும்படி குனிந்து வணங்கினார். பிறகு மூன்றாவது கிண்ணம் முதலாளிக்குப் போனது, நாலாவது எனக்கு வந்தது. கசப்பு. அது எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை, தப்பித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் மடக்கென்று குடித்தேன்.

படி இறங்கும்போது முதலாளி கேலி எதுவும் பேசவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கிண்ணம் நல்லாத்தாம்மா இருக்குது. ஆனா சக்கரத்துல ஒக்கார்றவங்களுக்குப் பொறுமை வேணும்." சித்தி சரிங்க என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அதாவது நண்டை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். சித்தி ஆசைப்பட்டு மானத்தை வாங்கிவிட்டாள், முதலாளி கையிலிருந்தே பிடுங்கிக் குடித்தாள் என்று நடித்தும் காட்டினேன். அம்மா பிடித்துக்கொண்டாள். ஆறு வருஷம் பொறுத்தவளுக்கு அரை மணி நேரம் பொறுக்க முடியவில்லையா, ஒரு கிண்ணத்துக்கா இப்படி அலைவது என்று பொரிந்து தள்ளினாள். சித்தி கால் கழுவிக்கொண்டு நின்றாள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. அன்றைக்குத் தப்பு செய்த ஒருத்தி கிடைத்துவிட்டாள், அது நான் இல்லை.

திங்கட்கிழமை அந்தச் சக்கரத்தில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். சித்தி மண் பிசையப் போனாள். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் மண்தான் பிசைந்தாள்.

ஆனால் அந்த ஞாயிறு சாயங்காலம் எனக்கு நன்றாகவே முடிந்தது. சித்தி முந்தானையை அவிழ்த்து அந்தக் கிண்ணத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இந்தா, வெச்சுக்க. இனிமே நண்டு புடிச்சா இதுல வுடு. அண்டாவுக்குப் பின்னால வெக்காத, அங்க இருட்டா கெடக்குது."

கிண்ணம் எனக்கே எனக்கு என்பதுதான் என் காதில் விழுந்தது. அதைத் தூக்கிக்கொண்டு, இன்னொரு நண்டு கிடைக்குமா என்று பார்க்கக் கரைக்கு ஓடினேன்.