படங்கள் இல்லாத குண்டுப் புத்தகம்

என் தம்பியின் இரண்டு கண்ணையும் பறித்தது, வடக்கில் மண்ணுக்குள் வெடிக்காமல் கிடந்த ஒரு பழைய எறிகணை. போர் முடிந்து இத்தனை காலமாகியும் அங்கே அந்த வேலை முடியவில்லை. கண்ணிவெடி அகற்றும் நிறுவனமொன்றில், குண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் பிரிவில் அவன் இருந்தான். பொரளை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வெள்ளவத்தையில் என் வீட்டுக்குத்தான் கூட்டிவந்தேன். முன்னறைக் கதிரையில் இருந்துகொண்டு, பக்கத்துத் தண்டவாளத்தில் கோச்சி போகிற சத்தம் அடங்கியதும் ஒரே கேள்வியைக் கேட்பான்.

“அக்கா, விசாரணை அறிக்கை வந்திட்டுதோ?”

வந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன். புதைந்த எறிகணையை எந்தப் பக்கத்தால் அணுக வேண்டும் என்று பயிற்சிக் கையேட்டில் ஒரு படம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து மூல நூலொன்றிலிருந்து அப்படியே எடுக்கப்பட்ட படம் அது, ஆகவே அதில் பிழைக்கு இடமில்லை, விபத்துக்குக் காரணம் பணியாளரின் கவனக்குறைவு. இவ்வளவுதான் அறிக்கை.

“படத்தில காட்டின பக்கத்தாலதான் அக்கா மண்ணை எடுத்தனான்” என்றான். “கண் போனது போகட்டும். கவனக்குறைவு எண்ட அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லுங்கோ.”

புதுக்கடை நீதிமன்றங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்புச் செய்கிறவள் நான். கொப்பியைக் கொண்டுவந்து முத்திரை குத்தச் சொல்கிறவர்களை, “மூலம் எங்கே?” என்று கேட்டே விரட்டியிருக்கிறேன். என் முன்கோபம் அங்கே பிரசித்தம். தம்பியின் கையேட்டுப் பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தமிழ்க் குறிப்புகள் எல்லாம் புதிதாக எழுதியவை. ஆனால் எறிகணையின் உடம்பில், யாரும் கவனிக்காமல் விட்ட ஒரு சின்ன இலக்கம் இருந்தது. அது கண்ணாடியில் தெரிகிற மாதிரி வலம் இடமாகக் கிடந்தது. இலக்கம் திரும்பியிருந்தால் படமே திரும்பியிருக்கிறது என்றுதானே அர்த்தம்! அப்படியானால் அவனைச் சாவின் பக்கமாகப் போகச் சொன்னதே அந்தப் படம்தான்.

நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். தேத்தண்ணி தந்தார், சிங்களத்தில் மிக மரியாதையாகக் கதைத்தார். இலக்கத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, “இது போட்டோ கொப்பியில் விழுந்த தூசி, மிஸ்” என்றார். மூல நூலைக் கொண்டுவந்து ஒப்பிட்டுக் காட்டினால் அறிக்கையைத் திருத்தலாம் என்றார். மூல நூல் உங்களிடம் இல்லையா என்று கேட்டேன். இல்லையாம். மூலத்தைப் பார்க்காமலே மூலத்தின் மேல் சத்தியம் செய்திருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நானும் இத்தனை வருடம் அதே கேள்வியைத்தானே எல்லோரிடமும் கேட்டேன் என்பதால், வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தேன்.

அவர் ஓர் உதவி செய்தார். கையேட்டைத் தொகுத்த, இப்போது ஓய்வுபெற்ற பயிற்சியாளரின் தொலைபேசி எண்ணைத் தந்தார். அந்தப் பெரியவருக்கு ஞாபகம் நன்றாக இருந்தது. முந்தி ஒரு பயிற்சி வகுப்புக்கு, கொட்டாஞ்சேனையில் ஒரு துறைமுகக்காரர் வீட்டிலிருந்து பழைய புத்தகம் ஒன்று வந்ததாம். தாள் பொடிப்பொடியாகும் நிலையில் இருந்ததால் போட்டோ கொப்பி இயந்திரத்தில் வைக்க வீட்டார் விடவில்லை. ட்ரேசிங் பேப்பர் வைத்துக் கையால்தான் வரைந்தார்களாம்.

“வரைந்த தாளைப் பிறகு எந்தப் பக்கம் திருப்பி வைத்தார்களோ, மிஸ், யாருக்குத் தெரியும்” என்றார்.

தம்பியிடம் சொன்னேன். அன்றைக்குத்தான் அவன் ஒழுங்காகச் சோறு சாப்பிட்டான். சொல்லியிருக்கக் கூடாது.

கொட்டாஞ்சேனையில் அந்த வீடு தேவாலயத்துக்குப் பின்னால் இருந்தது. துறைமுகக்காரர் காலமாகிவிட்டார். அவருடைய மனைவிதான் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் இருத்தி, கேட்காமலே மாபிள் கேக் வெட்டி வைத்தார். புத்தகத்தைப் பற்றி விசாரித்தேன்.

“என்ட மாமனார்ட புத்தகம் மகள் அது. அந்த உலக யுத்தத்தில ஹாபர்ல குண்டு போட்ட காலத்தில அவர் வெள்ளக்காரங்களோட வேல செஞ்சவர். எறிய மனமில்லாம வச்சிருக்கோம்.”

பொலித்தீன் பையிலிருந்து எடுத்துத் தந்தார். அச்சடித்துக் கடையில் விற்ற புத்தகமல்ல. துறைமுகத்துக்கென்று இங்கேயே தட்டச்சு செய்து, கையால் படம் வரைந்து, கட்டிய ஒன்று. பல சுற்றறிக்கைகளிலிருந்து தொகுக்கப்பட்டது என்று முதல் பக்கத்தில் இருந்தது. அதுவும் கொப்பிதான். பரவாயில்லை, எங்கள் படத்துக்கு இதுவே தாய். விறுவிறுவென்று புரட்டினேன். எழுத்துப் பக்கங்கள் ஒன்று தவறாமல் இருந்தன. படப் பக்கம் ஒன்றுகூட இல்லை. தையலோரத்தில் விரல் அகலத் துண்டுகள் மட்டும் வரிசையாக நின்றன.

“படங்கள் எங்க அம்மா?”

“அதெல்லாம் நான்தான் கிழிச்சு அடுப்பில போட்டேன்” என்றார், தாராளமாக. “வகுப்புக்குப் போய்த் திரும்பி வந்த பொறகு, ஆமி வீடு வீடாச் சோதிச்ச சுற்றிவளைப்பு நேரம் மகள். வீட்டுல ரெண்டு பொடியன்மார். குண்டுப் படம் இருந்தா விடுவாங்களா? எழுத்த யாரு வாசிக்கப் போறா, படத்தத்தானே பாப்பாங்க. அதான் படத்த மட்டும் எடுத்துட்டு, மாமனார்ட புத்தகம் எண்டு மத்தத வச்சிட்டேன்.”

சொல்லிவிட்டு, தான் செய்தது புத்திசாலித்தனம்தானே என்பது போல என் முகத்தைப் பார்த்தார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்கள், கனடாவில். கத்த வேண்டும் போல இருந்தது, ஆனால் கத்துகிற அளவுக்குக் குற்றம் செய்தவர் அங்கே இல்லை. வெள்ளவத்தையில் எங்கள் அம்மாவும் இதைத்தான் செய்தார். தம்பியின் பௌதிகவியல் புத்தகத்தில் மின்சுற்றுப் படங்களெல்லாம் குண்டு மாதிரி இருக்கின்றன என்று அந்த அத்தியாயத்தையே கிழித்து எரித்தார். அவன் அழுதுகொண்டு பள்ளிக்கூடம் போனான். போனால், வகுப்பில் பாதிப் பேரின் புத்தகத்தில் அதே அத்தியாயம் இல்லை.

புத்தகத்தைக் கேட்டதும் தந்துவிட்டார். கேக்கையும் ஒரு துண்டு சுற்றித் தந்தார். முச்சக்கர வண்டியில் வரும்போது, மூலத்தோடு ஒப்பிட்டேன் என்று கள்ள முத்திரை குத்தினால்தான் என்ன என்றுகூட நினைத்தேன். அதைக் குத்துவதற்கும் ஒரு படம் வேண்டுமே.

படியேறும் சத்தத்திலேயே தம்பி எழுந்து நின்றுவிட்டான். புத்தகத்தை அவன் கையில் வைத்தேன். முகர்ந்து பார்த்தான். பிறகு விரலால் தாள்களைத் தடவிக்கொண்டே போய், கிழிந்த ஓரங்களில் நின்றான். அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டான்.

“அம்மா கிழிச்ச மாதிரியே அளவாக் கிழிச்சிருக்கினம்” என்றான். நடந்ததைச் சொன்னேன். “எழுத்திலயாவது எந்தப் பக்கம் எண்டு இருக்கோ, அக்கா?”

தேடி எடுத்து வாசித்தேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். “படத்தில் காட்டிய பக்கத்தால் மட்டும் அணுகவும்.”

“திருப்பி ஒருக்கா வாசியுங்கோ.”

வாசித்தேன்.

“அந்த அம்மாவை ஏசிப்போடேல்லையே?”

“இல்லையடா.”

“நல்லது” என்று கதிரையைத் தடவி உட்கார்ந்தான். கேக்கை எடுத்துக் கையில் கொடுத்தேன். சாப்பிடாமல் வைத்துக்கொண்டிருந்தான்.

“எண்டாலும் அக்கா, நான் படத்தைச் சரியாத்தான் பாத்தனான்.”

“ஓம் தம்பி. எனக்குத் தெரியும்.”

“உங்களுக்குத் தெரிஞ்சு என்ன செய்யிறது” என்றான்.